உயிரோடு படமானவர்கள்

சினிமா பேனர் பட்டறையில் சேர்ந்ததும் வாத்தியார் எனக்குக் கொடுத்த முதல் வேலை நாய். படம் இல்லை, எழுத்து. 1986, மதுரை, எனக்கு 16 வயது. ஒன்றுக்கு ஒன்றரை அடி தகரம், மஞ்சள் எனாமல், அதன்மேல் சிவப்பில் ‘நாய்கள் ஜாக்கிரதை’. போர்டு ஒன்றுக்கு 15 ரூபாய், அதில் எனக்கு 2. ஓரத்தில் ஒரு நாய்த் தலை வரும். அதை யாரும் வரைவதில்லை. பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் வெட்டிய அச்சு ஒன்று ஆணியில் தொங்கும். அதை வைத்துக் கறுப்பை ஒற்றி எடுத்தால் நாய் வந்துவிடும். யாருடைய நுரையீரலிலோ வெட்டிய அல்சேஷன். வீட்டுக்குள் கிடப்பது சொறி பிடித்த நாட்டு நாயாக இருந்தாலும் கேட்டில் அல்சேஷன்தான் குரைக்கும். நாயே இல்லாதவர்களும் போர்டு வாங்கிப் போவார்கள். “நாய்க்குச் சோறு வைக்கணும், போர்டுக்கு வேண்டாம்ல” என்றார் ஒரு ரேஷன் கடைக்காரர். நியாயம்தான்.

இன்று எனக்கு 55. நாயைத்தான் வரைகிறேன். அச்சு இல்லை, ஆயில் பெயின்ட், இரண்டடிக்கு மூன்றடி கேன்வாஸ். போன மாதம் முடித்தது பழைய மகாபலிபுரம் சாலையில் பதினாலாவது மாடியில் வசிக்கும் ஒரு பீகிள். அதற்கு முன்பு ஒரு பாரசீகப் பூனை; விதிவிலக்கு. கூலி 18,000 ரூபாய். போர்டு காலத்து ஜாக்கிரதை இப்போதும் உண்டு, இடம்தான் மாறியிருக்கிறது: வாடிக்கையாளரிடம் தப்பித்தவறியும் ‘நாய்’ என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது. “நாய் எத்தனை வயசு சார்?” என்று ஆரம்பத்தில் ஒருவரிடம் கேட்டுவிட்டேன். எதிர்முனையில் சற்றுநேரம் சத்தமே இல்லை. “லியோவுக்கு நாலு வயசு” என்று பதில் வந்தது, ஒவ்வொரு சொல்லாக.

இரண்டு வருஷத்துக்கு முன்பு என் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது, ஹாலில் சுவரோரம் ஒரு லாப்ரடார் காய்ந்துகொண்டிருந்தது. பெயர் ப்ரூனோ. சிவப்புக் கோட்டு, தோளில் ஜரிகை, நெஞ்சில் இரண்டு வரிசையாக எட்டுப் பித்தளைப் பித்தான். வெள்ளைக்காரத் தளபதி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தாள். கை தானாகக் குவியப் போய்ப் பாதியில் நின்றது.

“ஏப்பா, இது எப்பச் செத்துச்சு?”

“சாகல. நல்லா இருக்கு.”

“அப்புறம் எதுக்குப் படம் போட்டே?”

அம்மா கேட்டதில் தப்பில்லை. எங்கள் பக்கத்தில் சுவரில் ஏறுவதற்கு இரண்டே தகுதி: ஒன்று தெய்வமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் செத்திருக்க வேண்டும். ஒருவரைப் பற்றி ‘படமாகிவிட்டார்’ என்றால் அர்த்தம் கேட்க வேண்டியதில்லை. உயிரோடு இருப்பவரை வரைந்தால் ஆயுசு குறையும் என்று பயப்பட்ட காலம் அது. என் தாத்தா உயிரோடு இருந்தவரை போட்டோவுக்கு ஒப்புக்கொள்ளவில்லை. போனபிறகு நாற்காலியில் உட்காரவைத்து, தலை சாயாமல் பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு, எடுத்தார்கள். மூடியிருந்த கண்ணை ஸ்டூடியோவில் ஓர் ஆர்ட்டிஸ்ட் திறந்துவைத்தார். தாத்தாவுக்கு வாழ்நாளில் இல்லாத விழிப்பு அந்தக் கண்ணில் இருந்தது. அதற்கு ஒரு சிவப்பு ஜீரோ வாட் பல்பு, வெள்ளிக்கிழமை பூ.

நாய் சுவரில் ஏறியதே இல்லை என்று சொல்ல முடியாது. காலண்டரில் பைரவருக்குப் பக்கத்தில் நிற்கும். தத்தாத்ரேயர் காலடியில் நாலு நிற்கும். ஆனால் அங்கே அது வாகனம், பரிவாரம். சாமி இல்லாத நேரத்தில் அதற்குத் தனியாகப் படம் கிடையாது.

எங்கள் வீட்டு நாய் மணி. செம்மண் நிறம், ஒரு காது மடங்கியது. எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. திண்ணைக்குக் கீழே இருந்தது, அவ்வளவுதான். அதன் வாழ்விடத்துக்கு எல்லை நிலைப்படி. பதினோரு வருஷத்தில் ஒரே ஒருதரம், புயல்மழை ராத்திரியில், தாழ்வாரம்வரை வந்தது. மறுநாள் அந்த இடத்தைச் சாணி போட்டு மெழுகினார்கள். 1982இல் அக்கா கல்யாணத்துக்கு முந்தின வாரம் குடும்பப் படம் எடுக்க ஸ்டூடியோக்காரரை வீட்டுக்கே கூப்பிட்டார்கள். முற்றத்தில் பெஞ்சு போட்டு எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தபோது மணி வந்து அப்பா காலடியில் உட்கார்ந்தது. ஸ்டூடியோக்காரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை எடுத்து “ச்சூ” என்றார். அது எழுந்து நகர்வதற்குள் அழுத்திவிட்டார் போல. படத்தின் இடது ஓரத்தில், சித்தப்பாவின் வேட்டிக்குப் பின்னால், மேல்நோக்கி வளைந்த ஒரு வால் இருக்கிறது. மணியின் ஒரே படம் அந்த வால்.

நாய்க்குப் படம் கிடைக்க வேண்டுமென்றால் அது எதையாவது சாதித்திருக்க வேண்டும் என்பதுதான் நம் பழைய சட்டம். திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல் உண்டு. ஏழாம் நூற்றாண்டு, பல்லவ மகேந்திரவர்மன் காலத்தியது. சண்டையில் இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனைச் செதுக்கி, கூடவே அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். கோவிவன் என்னும் அந்த நாய் கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற செய்தியும் கல்லிலேயே எழுதியிருக்கிறது. கள்ளரைக் கடித்தால் கல். ப்ரூனோ கடித்ததாகச் சரித்திரம் இல்லை. சாப்பாடு கொண்டுவரும் பையன்களைக் கண்டால் மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டும் என்று அதன் ‘அம்மா’வே என்னிடம் பெருமையாகச் சொன்னார். கோட்டு மட்டும் தளபதிக்கு.

‘அம்மா’ என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்த வீடுகளில் எஜமானர் கிடையாது; அப்பா, அம்மா, சில இடத்தில் பாட்டி. நாய் ‘அவன்’, ‘அவள்’. ஒரு வீட்டில் வயசான பொமரேனியனை ‘அவர்’ என்றே சொன்னார்கள், நானும் ‘அவர் கொஞ்சம் இப்படித் திரும்புவாரா?’ என்று கேட்டேன். எட்டாம் வகுப்பில் தமிழய்யா நாய் அஃறிணை என்று சொல்லிக்கொடுத்தது சரி. ஆனால் அதே அய்யாதான், ஒருவன் தன் பசுவைக் கண்ட மகிழ்ச்சியில் ‘என் அம்மை வந்தாள்’ என்றால் அது பிழையில்லை, திணை வழுவமைதி என்றும் நன்னூல் பாடத்தில் நடத்தினார். பசுவுக்குக் கொடுத்த சலுகையைப் பொமரேனியன் கேட்டு வாங்கிக்கொண்டது. இலக்கணத்தில் இடமிருந்தது, எங்கள் வீட்டு நிலைப்படியில்தான் இருக்கவில்லை.

பட்டறைக்கு வருகிறேன். இருபதடி பேனர் என்றால் ஸ்டில் போட்டோவில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போடுவோம், அதே கட்டத்தைப் பெரிதாகத் துணியில் நூல் தட்டி இழுப்போம். பின்னணி, மலை, துப்பாக்கி, சட்டை எல்லாம் எடுபிடிகளுக்கு. நகை எனக்கு. மஞ்சளை அடியில் விட்டு, மேலே வெள்ளையைக் கட்டியாகத் தூக்கிவைத்தால் ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் மூக்குத்தி ஜொலிக்கும். அந்தப் பழக்கம் இன்னும் கையை விட்டுப் போகவில்லை. முகம் மட்டும் வாத்தியாருக்கு. அவர் சாரத்தில் ஏறிக் கண்ணுக்குள் அந்த வெள்ளைப் பொட்டை வைக்கிறவரை கீழே யாரும் பேச மாட்டோம். மிருக முகத்தையும் அவரே போடுவார். தேவர் பிலிம்ஸின் ‘ஆட்டுக்கார அலமேலு’ 1977இல் வந்தபோது ஆட்டுக்குக் கதாநாயகிக்குச் சமமாகத் தலை வைத்ததைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். “ஆடு கால்ஷீட் கொடுத்து நடிச்சதுடா. தெருவுல போற ஆட்டையா போட்டேன்?”

பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது. இதைப் பற்றி நீளமாகப் புலம்ப வேண்டாம். நாங்கள் பத்துப் பேர் நாலு நாள் ராத்திரி பகலாகச் செய்ததை ஒரு மிஷின் டீ குடித்துவிட்டு வருவதற்குள் துப்பியது. 2000க்குப் பிறகு நாலைந்து வருஷத்தில் பட்டறை சைக்கிள் ஸ்டாண்டாக ஆனது. வாத்தியார் கோவில் கோபுரத்துக்கு வர்ணம் அடிக்கப் போனார். நான் சென்னைக்கு வந்து பள்ளிக்கூடச் சுவரில் மிக்கி மவுஸ் வரைந்தேன்.

அதற்குள் ‘ஹட்ச் நாய்’ வந்திருந்தது. 2003இல் ஹட்ச் செல்போன் கம்பெனி விளம்பரத்தில் ஒரு பக் ஒரு பையனின் பின்னாலேயே போகும். அதன் இனம் பக் என்று நம் ஊரில் பாதிப் பேருக்கு இன்றும் தெரியாது, பெயர் ஹட்ச் நாய்தான். சுவரில் மிக்கி மவுஸ் வரைந்துகொண்டிருந்தபோது ஓர் அப்பா வந்து, பையன் பிறந்தநாளுக்கு அவனுடைய ஹட்ச் நாயை வரைந்து தர முடியுமா என்று கேட்டார். பிளைவுட்டில் எனாமலில் போட்டேன். பக்கின் நெற்றிச் சுருக்கம் எனக்குப் பழக்கமானது, வாத்தியார் வில்லன்களுக்குப் போட்டதுதான். அந்த அப்பா படத்தைப் பார்த்துவிட்டு, “கொஞ்சம் கோபமா இருக்கானே” என்றார். வில்லனைத் திருத்தினேன். அந்தப் படத்தைப் பார்த்து இன்னொருவர், அவரைப் பார்த்து இன்னொருவர்.

இந்தத் ‘திருத்தம்’ இப்போது தொழிலில் பாதி. வாட்ஸாப்பில் நாற்பது போட்டோ வரும். முப்பத்தைந்தில் நாய் அசைந்திருக்கும், மூன்றில் ஃப்ளாஷ் பட்டுக் கண் பச்சை விளக்காக எரியும். மீதி இரண்டும் மேலே நின்றுகொண்டு எடுத்தவை: பெரிய தலை, மறைந்துபோன கால், தவளைக் குஞ்சு மாதிரி. “தரையில உட்கார்ந்து அவங்க கண் மட்டத்துல எடுங்க” என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. டேவிட் ஹாக்னி என்ற இங்கிலாந்து ஓவியர் 1995இல் தன் இரண்டு டாக்ஷுண்டுகளை, ஸ்டான்லி, பூஜி என்று பெயர், வரிசையாக வரைந்தார். அவை தூங்கும்போதுதான் வரைய முடியும், கதவைத் தட்டினால் எழுந்து ஓடிவிடும் என்பதால், வீடு முழுக்கத் தாழ்வான ஈசல்களை நிறுத்தி வண்ணத்தையும் தயாராக வைத்திருந்தாராம். உலகப் புகழ் பெற்ற மனுஷர் நாயின் மட்டத்துக்குக் குனிந்திருக்கிறார். நம் ஆட்களுக்கு முட்டி வலிக்கிறது.

போட்டோ வந்தபின்தான் நிஜமான வேலை. கறுப்பு லாப்ரடாருக்குக் கறுப்பு டியூபைத் தொட்டால் தீர்ந்தது, கேன்வாஸில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும். பர்ன்ட் அம்பரும் பிரஷ்யன் புளூவும் கலந்த இருட்டுதான் கறுப்பு நாய். வெள்ளை இன்னும் மோசம். ராஜபாளையம் நாய் ஒன்று வந்தது. 2005இல் தபால்தலையில் ஏறிய இனம், அதன் சொந்தக்காரர் அந்தத் தபால்தலையையே ஃப்ரேம் போட்டு வைத்திருந்தார். பால் வெள்ளை, ரோஜா நிற மூக்கு. அந்த வெள்ளையில் வயிற்றுப் பக்கம் நீலம், முதுகில் வெயில் பட்ட இடத்தில் மஞ்சள், காதுக்குள் இளஞ்சிவப்பு. தனி வெள்ளை எங்குமே இல்லை. ஒவ்வொரு முடியாக இழுப்பவன் புதுசு. நாய்க்கு முடி ஓரத்தில்தான் இருக்கிறது, நடுவில் இருப்பது வெளிச்சம். கடைசியில் மூக்கின் ஈரம், அப்புறம் கண். கண்ணுக்கு இன்றும் காலையில் குளித்துவிட்டுத்தான் உட்காருகிறேன். வாத்தியார் சிரிப்பார்.

அவர் சிரித்தால் காட்டுவதற்கு எனக்கும் ஒரு நாய் இருக்கிறது. தமிழ்நாட்டில் அதிகப் பேர் பார்த்த நாய்ப் படம் எது? எங்கள் வீட்டிலேயே இருந்தது, சுவரில் இல்லை, பெட்டிக்குள். கிராமபோன் தட்டின் நடுவில் குழாய்க்கு முன்னால் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்குமே, ‘நாய் மார்க்’ பிளேட், அதுதான். வியாபாரத்துக்காக யாரோ கற்பனையில் போட்டதென்று வெகுநாள் நினைத்திருந்தேன். அது நிப்பர் என்ற நிஜ நாயின் படம். 1895இல் செத்துப்போனது. லண்டன் ஓவியர் ஃபிரான்சிஸ் பாரோ, அண்ணனுக்குப் பிறகு அதைத் தன்னிடம் வைத்துக்கொண்டவர், அது போய்ச் சில வருஷம் கழித்து நினைவிலிருந்து எடுத்து வரைந்தார். அவர் முதலில் வரைந்தது வேறு மிஷின், உருளையில் பாடும் ஃபோனோகிராஃப். குழாய் மங்கலாக இருக்கிறதே, பித்தளைக் குழாய் ஒன்றை இரவல் வாங்கிப் பார்த்து வரையலாம் என்று கிராமபோன் கம்பெனிக்குப் போனார். மிஷினையே மாற்றி எங்கள் கிராமபோனைப் போட்டுக்கொடுத்தால் படத்தை வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். 1899. படத்துக்கு 50 பவுண்டு, உரிமைக்கு 50 பவுண்டு. போட்டுக்கொடுத்தார். பிறகு அதே படத்தை அந்தக் கம்பெனிக்காகவே 24 தடவை திரும்ப வரைந்தார்.

திருத்தம் கேட்டு வாடிக்கையாளர் அனுப்பும் ஒவ்வொரு செய்தியையும் நான் பாரோவை நினைத்துக்கொண்டுதான் திறக்கிறேன். இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது வேறு. மூலப் படத்தில் வெளிச்சம் சாய்வாக விழுந்தால், கிராமபோனுக்கு அடியில் அந்தப் பழைய மிஷினின் வரம்பு இன்னும் மேடாகத் தெரியுமாம். எண்ணெய் வர்ணம் எதையும் முழுசாக மறக்காது.

இப்போது கைபேசியில் போட்டோவைக் கொடுத்தால் அரை நிமிஷத்தில் உங்கள் நாய்க்கு ராஜா வேஷம், தளபதி வேஷம், மொகலாயத் தலைப்பாகை எல்லாம் போட்டுத் தருகிறது. எனக்கு இது இரண்டாவது ஃப்ளெக்ஸ். முதல் தரம் மாதிரி இந்தத் தரம் பதறவில்லை. பதறுவதற்கு வயசில்லை என்பது ஒன்று. இன்னொன்று, வருகிறவர்கள் படத்தை வாங்கியதும் முதலில் விரலால் தடவுகிறார்கள். ப்ரூனோ வீட்டுக்காரரும் அப்படித்தான். கோட்டுப் பித்தான்மேல் ஆள்காட்டி விரலை வைத்து, “நிஜமாவே மேடா இருக்கே அண்ணா” என்று குழந்தை மாதிரி ஆச்சரியப்பட்டார். இருபதடி பேனரில் ஒட்டியாணத்துக்குத் தூக்கிவைத்த அதே மஞ்சளும் வெள்ளையும்.

அவர் இந்த ஆவணியில் ராத்திரி பத்து மணிக்குப் போன் பண்ணினார். ப்ரூனோ ஒன்பது வயசில், சிறுநீரகக் கோளாறு, போய்ச் சேர்ந்து பதினாறு நாள் ஆகிறது என்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. மனுஷருக்குச் சொல்வதைத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அண்ணா, அந்தக் கோட்டை எடுத்துடலாமா? அவன் அதைப் போட்டதே இல்ல” என்றார்.

மறுநாள் காரில் படம் வந்தது. ஃப்ரேமில் வாடிய மல்லிகைச் சரம். ஆயில் படத்துக்குக் கண்ணாடி கிடையாது, நெற்றியில் சந்தனத்தை நேராகக் கேன்வாஸிலேயே வைத்திருந்தார்கள், அதன்மேல் குங்குமம். பிளேடு முனையால் சுரண்டி, நனைந்த பஞ்சால் ஒற்றி எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. குங்குமக் கறை லேசாக நின்றுவிட்டது. அதை நெற்றி முடியோடு கலந்துவிட்டேன். அம்மா போனில் ஊர்க்கதை சொல்லிக்கொண்டிருந்தாள். நான் இதை அவளிடம் சொல்லவில்லை.

கோட்டுக்கு அடியில் நான் நாயை வரைந்திருக்கவே இல்லை. தலைக்கு மட்டும்தானே போட்டோ பார்த்தேன், உடம்பு இணையத்தில் எடுத்த ஏதோ ஒரு தளபதி. நெஞ்சு எப்படி இருக்கும் என்று கேட்டேன். இந்தத் தரம் இருநூறு போட்டோ அனுப்பினார்கள், அசைந்தது, மங்கியது, பாதி சோபா, பாதி நாய், எல்லாம். அம்மாக்காரர் தனியாக ஒரு செய்தி போட்டிருந்தார்: நெஞ்சில் சின்னதாக வெள்ளைப் பொட்டு இருக்கும், ரோமம் அந்த இடத்தில் சுழித்திருக்கும். பார்த்தேன், இருந்தது. இரண்டு வருஷமாகக் கோட்டுக்குள் அதை மூடிவைத்திருந்திருக்கிறேன்.

ஜரிகையைச் சுரண்டினேன், உப்புத்தாள் போட்டேன், சிவப்பு மேலே கசியாமல் இருக்க இரண்டு பூச்சு பொறுத்துப் பொறுத்துக் கொடுத்தேன். பத்து நாளில் கழுத்து இறங்கி நெஞ்சாகி முன்னங்கால்வரை வந்துவிட்டது. சுழியையும் வெள்ளைப் பொட்டையும் கடைசியில் வைத்தேன், குளித்துவிட்டு. கூலி வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.

கொடுத்தனுப்புவதற்கு முந்தின சாயங்காலம், மேற்குச் சன்னல் வழியாக வெயில் சாய்ந்து அடித்தபோது பார்த்தேன். வெள்ளைப் பொட்டுக்கு இரண்டு பக்கமும், தேன் நிற ரோமத்துக்கு அடியில், நாலும் நாலும் எட்டுப் பித்தான் மேடாகத் தெரிந்தன. அவர்கள் வீட்டு ஹாலில் அந்தச் சுவருக்கு வெயில் வராது, டியூப்லைட்தான். அதனால் சொல்லவில்லை.